சுக்கான் வீட்டுக்கு வரமாட்டேங்குது

நான் பாட்டுக்கு உக்காந்திருக்கேன், நீ பாட்டுக்குப் படுத்திரு. யாரு உன்னை இப்ப என்ன செஞ்சா? சோறு கொண்டாந்திருக்கேன். சாளைக்குழம்பு, காலையில வச்சது, உனக்குன்னு முள்ளெடுத்துப் பிசைஞ்சது. கட்டின புருசனுக்குக்கூட நான் முள்ளெடுத்துக் குடுத்ததில்லை. தின்னா தின்னு, இல்லைன்னா கிட, எனக்கென்ன. எனக்கென்னன்னு சொல்லிக்கிட்டே இந்த உச்சி வெயில்ல, ஐஸ் கம்பெனிக்குப் பின்னால, பன்னிகூட ஒதுங்காத உடைமரத்தடியில வந்து உக்காந்திருக்கேன் பாரு, என்னையச் சொல்லணும். சேலையில முள்ளு வேற ஏறிக்கிச்சு. பிடுங்கினா நூல் வருது, விட்டா குத்துது. சுக்கான் அங்கன, உப்பளத்து வரப்பை ஒட்டிக் கிடக்கிற பழைய சிமெண்டுக் குழாய்க்குள்ள பாதியும் வெளிய பாதியுமாப் படுத்திருக்கு. விலா எலும்பு ஒவ்வொண்ணாத் தெரியுது. என்ன ராசா மாதிரி இருந்த நாயி. வெயில் தாழ்ந்ததும் அவிய வருவாவ, கையில கட்டையோட வருவாவ. வேற எவனும் அது மேல கை வைக்கக் கூடாது, நானே முடிச்சிருதேன்னு நேத்து சொல்லிட்டாவ. எங்கிட்டச் சொல்லலை, சுவத்தைப் பாத்துச் சொன்னாவ. நான் கெஞ்சிக் கூத்தாடி ஒரே ஒரு மத்தியானம் கேட்டு வாங்கியிருக்கேன். பொழுது இறங்குறதுக்குள்ள இந்தச் சவம் எந்திரிச்சு என்கூட வீட்டுக்கு வந்துட்டா உசுரு தப்பிச்சுது. வரலைன்னா இல்லை. அவ்வளவுதான்.

அவியன்னா என் வீட்டுக்காரரு, கித்தேரியான். அந்த மனுசன் கையால கட்டையா? ஒரு மழைநாளு, வள்ளத்துக்குள்ள குவிச்சுப் போட்டிருந்த வலைக்கு அடியில முனங்கல் கேட்டுச்சாம், என்ன எழவோன்னு கையை விட்டு இழுத்தா இது, உள்ளங்கை அகலத்துக்கு, கண்ணுகூடத் திறக்கலை. தாய் எங்க போச்சோ. சட்டைக்குள்ள போட்டு மறைச்சுக் கொண்டாந்து, ஏட்டி பிலோமி, கொஞ்சம் பால் இருக்கான்னு ஒண்ணும் தெரியாத பிள்ளை மாதிரி கேட்டாவ. நான் கத்தின கத்துல அடுத்த வீட்டுக் கோழி கூட்டுக்குள்ள போயிருச்சு. அப்புறம் துணியை முக்கிப் பால் புகட்டுனது யாரு? நான்தான். ராத்திரி முழுக்க. சாக்கு விரிச்சுப் போட்டா படுக்காது, பழைய சேலை போட்டா படுக்காது, வலைக் குவியல் மேல ஏறிச் சுத்திச் சுத்திப் படுத்தாத்தான் அதுக்கு உறக்கம் வரும். பொறந்த இடமில்லையா. விடியக்காலம் அவிய வள்ளம் இறக்கும்போது பின்னால ஏறிச் சுக்கான் கட்டைக்குப் பக்கத்துல நிமிந்து நின்னுக்கும், என்னமோ இதுதான் வள்ளத்தைத் திருப்புற மாதிரி. தண்ணி ஆழமானதும் குதிச்சு நீந்திக் கரைக்கு வந்துரும். அதனாலதான் சுக்கான்னு பேரு. பிள்ளை குட்டி இல்லாத வீட்டுல ஒரு பேரு சொல்லிக் கூப்பிட ஒரு சீவன் இருந்துச்சு. இருந்துச்சுன்னு சொல்லுதேன் பாரு. இருக்கு. இன்னும் இருக்கு, அந்தா மூச்சு வாங்குது, வயிறு ஏறி இறங்குது.

நாய் புடிக்கிற வேன் வந்த அன்னைக்கு நான் ஏலக்கூடத்துல, அவிய கடல்ல. தெரு நாய் அம்புட்டையும் ஏத்திக்கிட்டுப் போயி, குட்டி போடாம ஆபரேசன் செஞ்சு, வெறி வராம ஊசி போட்டு, காது நுனியில அடையாளத்துக்கு ஒரு வெட்டு வெட்டித் திரும்பக் கொண்டாந்தானுவ. குத்தம் சொல்லக் கூடாது, நல்லதுதான், தெருவே நாயாத்தானே கிடந்துச்சு. புடிச்ச இடத்துலயே கொண்டாந்து விட்டாச்சும்மா, ஒரு கொறையும் இல்லைன்னு வேன்காரத் தம்பி சிரிச்சுக்கிட்டே சொன்னான். மத்த நாயெல்லாம் இறங்கி உடம்பை ஒரு உதறு உதறிட்டுக் குப்பைமேட்டைப் பாத்துப் போச்சு. இது மட்டும் வேனுக்கு அடியில போயிப் பம்மிக்கிச்சு. சுக்கா, சுக்கான்னு அவிய ஓடி வந்து கூப்பிட்டாவ, தோள்ல போட்டிருந்த வலையைக்கூடக் கீழ வைக்காம ஓடி வந்தாவ. இது பாத்துச்சு. எந்திரிச்சு எடுத்துச்சு பாரு ஒரு ஓட்டம், வீட்டுப் பக்கம் இல்லை, கடல் பக்கமும் இல்லை, உப்பளத்தைப் பாத்து. அன்னையிலருந்து இங்கனதான் கிடக்கு. அவிய சோத்தோட வந்தா உறுமுது. நான் வந்தா உறுமுது. நல்ல கதையா இருக்கேன்னு அவிய ஒருநாள் தூக்கியே கொண்டாந்துருவோம்னு கிளம்புனாவ. கயிறு போட்டா கழுத்து இறுகும், வலைன்னா பூ மாதிரி விழும்னு வீச்சுவலையை எடுத்துக்கிட்டுத்தான் போனாவ, எம்புட்டுப் பிரியம் இருந்தா அப்படித் தோணும். வலை விழுறதுக்கு முன்னால பாஞ்சு வந்து முழங்கையைக் கவ்விருச்சு. ரத்தம் சொட்டச் சொட்ட வந்து நின்னாவ. கடிச்சது வலிக்கலை பிலோமி, என்னையக் கடிச்சிருச்சேன்னாவ. ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிட்டுப் போனேன், ஊசி போட்டுக்கிட்டு இருக்காவ. அதுக்குள்ள ஊருக்குத் தெரிஞ்சு போச்சு. ஊர்க் கமிட்டிக்காரரு கொரேரா வாசல்ல வந்து நின்னு, பள்ளிக்கூடத்துப் பிள்ளைய போற பாதை, வெறி புடிச்ச நாயை வச்சுக்கிட்டுக் கொஞ்ச முடியாது, நீங்க செய்யலைன்னா நாங்க செய்வோம்னுட்டாரு. வெறிக்கு ஊசி போட்ட நாய்தானேன்னு நான் கேட்டா, அந்த ஊசியிலதான் வெறி ஏறிப் போச்சுங்கான் ஒருத்தன். உலை வாயை மூடலாம், ஊரு வாயை மூட முடியுமா.

வெறி இல்லை. எனக்குத் தெரியும் வெறி இல்லை. வெறி நாய் தண்ணியைக் கண்டா மிரளும்பாவ, இது ஐஸ் கம்பெனி ஓட்டைக் குழாயில வாயை வச்சு நக்கி நக்கிக் குடிக்கிறதை நான் கண்ணால பாத்தேன். ஆனா வெறி இல்லைன்னா வேற என்ன? அதுதான் முள்ளு மாதிரி குத்திக்கிட்டே இருக்கு, பிடுங்கவும் வரலை. முந்தாநாளு நடந்ததைச் சொன்னா எவனும் நம்பமாட்டான். அவியளை ஊசிக்குக் கூட்டிட்டுப் போயிட்டு வந்து பஸ்ஸை விட்டு இறங்குனோம், அவிய நேரா கடற்கரைக்குப் போயிட்டாவ, நான் வெறுங்கையை வீசிக்கிட்டு இந்தக் குறுக்குப் பாதையில வந்தேன். இது எந்திரிச்சுது. வாலு ஆடுச்சு. முதல்ல நுனி, அப்புறம் முழு வாலும். கிட்ட வந்து என் முழங்காலை மோந்துச்சு, காதுல வெட்டின இடத்தைத் தடவிக் குடுத்தேன், கண்ணை மூடிக்கிச்சு. மாதாவே, வந்துட்டான் எம் பிள்ளைன்னு வீட்டுக்கு ஓடிப் போயிச் சோத்தைப் பிசைஞ்சு பையில வச்சு எடுத்துக்கிட்டு ஓடியாறேன், அதே நாய், அதே நான், அதே இடம், பல்லைக் காட்டுது. சோறு குடுக்க வந்த கைக்கு உறுமலு, வெறுங்கைக்கு வாலாட்டலு. அன்னைக்குத்தான் எனக்கே சந்தேகம் வந்துச்சு, புத்தி பேதலிச்சுத்தான் போச்சோன்னு. அவியகிட்ட நேத்து இதைச் சொல்லித் தொலைச்சேன். ஏன் சொன்னேனோ. அதைக் கேட்டுத்தான் அவிய சுவத்தைப் பாத்துத் திரும்பிக்கிட்டாவ.

அந்தத் திரும்பல் எனக்குப் பழசு. அதைக் கண்டாத்தான் எனக்குப் பயம், நாய்க்காக மட்டும் நான் இங்கன வந்து உக்காந்திருக்கேன்னு நினைச்சியா? முந்தின வருசத்துக்கு முந்தின வருசம், எல்லை தாண்டிட்டாவன்னு அக்கரை நேவிக்காரனுவ அவியளைக் கடல்ல வச்சுப் புடிச்சு அங்க உள்ள ஜெயில்ல போட்டுட்டானுவ. விட்டுட்டாவன்னு சேதி வந்து, மேளம் என்ன, மாலை என்ன, போட்டோ என்ன, கரையே திரண்டு வந்துச்சு. ஆளு முழுசா வந்துட்டாருல்லா பிலோமி, இனி என்னன்னு எல்லாரும் சொன்னாவ. ஆளு வந்துட்டாவ, அவிய வரலை. உக்காந்த மேனிக்கு உறங்குவாவ. தெருவுல எவனாவது டார்ச் லைட்டை அடிச்சுட்டாப் போதும், எந்திரிச்சு வரிசையில நிக்கிற மாதிரி விறைச்சு நிப்பாவ. என்னன்னு நான் கேக்கலை. கேட்டா உடைஞ்சிருவாவன்னு பயம். அவியளும் சொல்லலை, இன்னை வரைக்கும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அப்புறம் ஒருநாளு தானாவே வலையை எடுத்து மடியில போட்டுக்கிட்டுக் கிழிசல் கட்ட உக்காந்தாவ. இந்தச் சுக்கான் போயி அந்த வலை மேலயே ஏறிப் படுத்துக்கிச்சு. இழுத்தாலும் எந்திரிக்கலை, அதட்டினாலும் எந்திரிக்கலை, வயித்தைக் காட்டிக்கிட்டு மல்லாந்து கிடக்கு. அவிய சிரிச்சாவ. அம்புட்டு மாசம் கழிச்சு அன்னைக்குத்தான் சிரிச்சாவ, நான் அடுப்படியில கரண்டியோட நின்னு கேட்டேன், குழம்பு அடிப்பிடிச்சுப் போச்சு. அந்த நாயைத்தான் இன்னைக்கு அவிய கையால முடிக்கப் போறாவளாம். முடிச்சா அவிய மறுபடியும் அங்கனயே போயிருவாவ. இந்தத் தடவை யாரு போயிக் கூட்டிட்டு வாறது? என்னால முடியாது, எனக்கு அந்தச் சூட்சுமம் தெரியாது, நாய்க்குத்தான் தெரிஞ்சுது.

வெயில் கொஞ்சம் சாயுது. உப்புக்குமியல்ல பட்டுக் கண்ணைக் கூசுது. ஏ சுக்கா, உனக்குக் காது கேக்குதா இல்லையா, இந்தா பாரு, சாளை. பையை எடுத்துக் கிளையில மாட்டியிருக்கேன், எறும்பு ஏறும்னு. தலையைத் தூக்குது. பாக்குது. என்னையப் பாக்குது, பாரு, பாருப்பா, நான்தான். கொஞ்சம் நகந்து உக்காந்தா நல்லா தெரிவேனோ, முகத்துல மரத்து நிழல் விழுது. நகந்துட்டேன். ஆனா கண்ணு என்கூட வரலையே. நான் இருந்த இடத்தையே பாக்குது. இன்னும் கொஞ்சம் தள்ளி உக்காருதேன், அப்பவும் அங்கனதான் பாக்குது. குருடாப் போச்சா? இல்லை, காக்கா பறந்தா தெரியுது, காது ஆடுது. அப்ப எதைப் பாக்குது? எனக்குப் பின்னால யாரு நிக்கா? திரும்பிப் பாத்தா ஒருத்தரையும் காணோம். மரம். கிளை. பை. பை காத்துல ஆடுது. பை இந்தப் பக்கம் ஆடினா அது கண்ணு இந்தப் பக்கம் வருது, அந்தப் பக்கம் ஆடினா அந்தப் பக்கம் போகுது. ஓகோ, மீன் மேலதான் கண்ணு, திருட்டு மூதி, பசிதான் உனக்குன்னு சந்தோசமாப் போச்சு எனக்கு. எந்திரிச்சுப் பையை இறக்கி, தட்டை வெளிய எடுத்து வச்சு, அடியில ஒட்டியிருக்கிற பருக்கையைத் தட்டி விடுவோம்னு பையை விரிச்சு ஒரு உதறு உதறுனேன். கத்திச்சு. அடிபட்ட நாய் கத்துற மாதிரி ஒரு கத்து. குழாய்க்குள்ள பின்னால பின்னால ஒடுங்கிப் போயி, இருந்த இடத்துலயே மூத்திரம் விட்டுச்சு. நான் ஒண்ணும் செய்யலையே. நான் பையைத்தானே உதறினேன்.

பையை. வலைப்பையை. அவிய பழைய நண்டு வலையை அறுத்து எனக்குக் கட்டிக் குடுத்த பை. எங்க ஊருல எந்தப் பொம்பளை கையிலதான் வலைப்பை இல்லை, கடைக்கும் அதுதான், கோயிலுக்கும் அதுதான். அதை விரிச்சு அது கண்ணுக்கு முன்னால உதறியிருக்கேன். ஐயோ. ஐயோ சேசுவே. அந்த வேன். அந்தத் தம்பி பின்கதவைத் திறந்தப்ப உள்ள கம்பில ஒரு வலை தொங்கிச்சு, பச்சை நைலான், வளையத்துல கோத்தது, நீளக் காம்பு. நான் அதைப் பாத்தேன். பாக்கலைன்னா பரவாயில்லை, நல்லாப் பாத்தேன். பாத்துட்டு என்ன சொன்னேன் தெரியுமா, இது என்ன தம்பி கண்ணி இம்புட்டுப் பெருசா இருக்கு, முடிச்சும் சரியில்லையே, இதுல என்ன சுறாவா புடிக்கப் போறன்னு கேலி பேசுனேன். அவனும் சிரிச்சான், நானும் சிரிச்சேன். வேனுக்கு அடியில இது நடுங்கிக்கிட்டுக் கிடந்துச்சு. வலையைக் கண்டா எனக்குக் கண்ணி தெரியுது, முடிச்சு தெரியுது, நூலு தெரியுது, என்ன மீனுக்குன்னு தெரியுது. அதுக்குள்ள ஒரு உசுரு கிடந்து துடிச்சிருக்கும்னு மட்டும் தெரியலை. பொறந்ததுலருந்து மீன் துடிக்கிறதைப் பாத்த கண்ணுல்லா. வலை மேல பொறந்து வலை மேல வளந்த நாய், வலைக்குப் பயப்படும்னு எவன் நினைப்பான்? ஆனா அதுக்குத்தானே இன்னும் அதிகமா வலிச்சிருக்கும். படுத்து உறங்குன மெத்தையே எந்திரிச்சு வந்து மூடினா எப்படி இருந்திருக்கும்.

முதல்ல இந்தப் பையை ஒழிக்கணும். சுருட்டி, கக்கத்துல இடுக்கி, அது கண்ணுல படாம மரத்தைச் சுத்திப் போயி மணலைத் தோண்டிப் புதைச்சுட்டேன். அவிய கட்டிக் குடுத்த பை. போகட்டும். வெறுங்கையா வந்து உக்காருதேன், தட்டை ஒருபக்கம் வச்சுட்டு, நேருக்கு நேரா உக்காராம, சாஞ்சாப்ல, அது முகத்தைப் பாக்காம. இருக்கு. மூச்சு வாங்குது. மூச்சு அடங்குது. நான் மூக்குல வந்து உக்காந்த ஈயைக்கூட விரட்டலை. தலை வெளிய வருது. பாக்குது, இந்தத் தடவை மரத்தை இல்லை, என்னைய. வாலு நுனி ஆடுது. அப்பாடா. அப்பாடா ஆண்டவரே. வெறியும் இல்லை ஒரு மண்ணும் இல்லை, பயம், வெறும் பயம். பயத்துக்கா இந்த ஊரு கட்டையைத் தூக்குச்சு. எனக்குச் சிரிப்பு வருது, நெஞ்சுல ஏத்தி வச்சிருந்த பாறாங்கல்லு இறங்கின மாதிரி இருக்கு. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்னு ஆயிரம் தடவை சொல்லியிருக்கேன், யாருக்கு என்னத்தைச் சொன்னேனோ.

சிரிச்சுக்கிட்டே இருக்கும்போதுதான் பக்குன்னுச்சு. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகணுமே. எந்த வீட்டுக்கு? வேலி என்ன, பழைய வலை. கோழிக்கூடு, வலை. காத்துக்குக் கூரை பறக்காம இருக்க மேல போட்டுக் கல்லு கட்டித் தொங்க விட்டிருக்கிறது வலை. அவரைக்கொடி ஏறுறது வலையில. வெங்காயம் தொங்குறது வலையில. குளிக்கும்போது முதுகு தேய்க்க வச்சிருக்கிறதுகூட வலை நாரு. அவிய தோள்ல வலை, மடியில வலை, கையில வலை, அவிய வேர்வையிலயே வலை வாடைதான் அடிக்கும். கடவுளே, எங்க வீடே வலைக்குள்ளதான் இருக்கு, தெருவே இருக்கு, கரையே இருக்கு. ஒரு ஜெயிலை விட்டு வந்த நாயை இன்னொரு ஜெயிலுக்குள்ள கூப்பிட்டிருக்கோம், வா, வா, சோறு தாரோம்னு. அது வராம இங்கன ஓடி வந்து கிடந்துச்சே, புத்தி கெட்டது அதுக்கா எங்களுக்கா? அவியளைக் கடிச்சதும் சரிதான். பூ மாதிரி விழுமாம். பூ.

அவிய வாறாவ. அந்தா, ஐஸ் கம்பெனி முக்குல. பொழுது இன்னும் இறங்கலை, அதுக்குள்ள வந்துட்டாவ, செய்யணும்னு ஆகிப்போச்சு, சட்டுன்னு செஞ்சு முடிச்சிருவோம்னு வாற மாதிரி ஒரு நடை. வலது கையில கட்டை. இடது தோள்ல வீச்சுவலை. கட்டையைக்கூட விடு, அந்த வலை. இது பாத்துருச்சுன்னா ஓடிரும், இல்லைன்னா பாயும், பாஞ்சா அவிய அடிச்சிருவாவ. கத்தினா இது மிரளும். நான் மெதுவா எந்திரிக்கேன், அது பாக்குது, ஒண்ணுமில்லை, ஒண்ணுமில்லை. மரம் மறைக்கிற வரைக்கும் நடந்தேன், மறைச்சதும் சேலையைத் தூக்கிச் சொருகிக்கிட்டு ஓடுனேன். இந்த வயசுல, இந்த உடம்பை வச்சுக்கிட்டு. போயி அவிய நெஞ்சுல ரெண்டு கையையும் வச்சு நிறுத்தினேன். மூச்சு வாங்கிப் பேச்சு வரலை. செத்துப் போச்சான்னு கேட்டாவ. கேட்ட குரல்ல, செத்துப் போயிருந்தா நல்லதுன்னு ஒரு ஆசை இருந்துச்சு, நான் கண்டுபிடிச்சேன், அது தப்பில்லை.

"வலையைக் கீழ போடுங்க," ன்னேன். "அதுக்கு வெறி இல்லை. உங்களைப் புடிக்காமலும் இல்லை. வலையைக் கண்டுதான் பயப்படுது."

மத்ததையும் கொட்டினேன், வேனு, பச்சை வலை, நான் செஞ்ச கேலி, பை ஆடினது, அது கண்ணு கூடவே ஆடினது, முன்னுக்குப் பின்னா, ஒண்ணு விடாம. சண்டை போடுவாவன்னு நினைச்சேன். வலைக்காரன்கிட்டப் போயி உன் வலையாலதான் வினைன்னு சொன்னா எவன் ஒத்துக்குவான், கிறுக்கச்சின்னு என்னைய ஒதுக்கிட்டுப் போவாவன்னு பாத்தேன். அப்படிப் போகலை. தோள்ல கிடந்த வலையைக் குனிஞ்சு பாத்தாவ, என்னமோ அதை அன்னைக்குத்தான் பாக்குற மாதிரி. கட்டுப் போட்ட முழங்கையைப் பாத்தாவ. அப்புறம் வந்த வழியே திரும்பிப் போயி, ஐஸ் கம்பெனி சுவத்துக்கு அந்தப் பக்கம் வலையையும் கட்டையையும் வீசிட்டு, சட்டையைக் கழத்தி அதையும் அங்கனயே போட்டுட்டு, ஓட்டைக் குழாயில கை, தோளு, கழுத்துன்னு மணலைப் போட்டுத் தேய்ச்சுத் தேய்ச்சுக் கழுவினாவ. புரிஞ்சு போச்சு அவியளுக்கு. எனக்குப் புரிய ஒரு மத்தியானம் ஆச்சு, அவியளுக்கு ஒரு நிமிசம்கூட ஆகலை. ஏன் ஆகலைன்னும் எனக்குத் தெரியும்.

ஈரத்தோட வந்தாவ. சுக்கான் குழாயை விட்டு வெளிய வந்து நிக்குது, ஒரு கால் மட்டும் தூக்கி, ஓடவா நிக்கவான்னு. நான் கூப்பிட வாயெடுத்தேன், கையைக் காட்டி நிறுத்திட்டாவ. தட்டை எடுத்துக் கொஞ்சம் தள்ளி மணல்ல வச்சுட்டு, அதுக்கு முதுகைக் காட்டி உக்காந்தாவ. என்னையும் இழுத்துப் பக்கத்துல உக்கார வச்சாவ. ரெண்டு பேரும் ஐஸ் கம்பெனிச் சுவத்தைப் பாத்துக்கிட்டு, கல்யாண போட்டோவுக்கு உக்காந்த மாதிரி. அடிக்குரல்ல பேச ஆரம்பிச்சாவ. வலையெல்லாம் இனி கரையில சங்கத்துக் கொட்டகையில வச்சுக்கிடுவாவளாம். வேலிக்கு ஓலை கட்டிக்கலாமாம். கூரைக்கு மட்டும் என்ன செய்யன்னு தெரியலையாம், கயித்தை வச்சுப் பாப்போம்னாவ. கோழி? கோழி போற இடத்துக்குப் போகட்டும்னு நான் சொன்னேன். கொரேரா வந்து கேட்டா என்ன சொல்லன்னேன், வந்து பாத்துட்டுப் போகச் சொல்லு, வெறுங்கையா வரச் சொல்லுன்னாவ. இன்னைக்கே வீட்டுக்கு வரணும்னு இல்லை பிலோமி, வாற அன்னைக்கு வரட்டும், அது வரைக்கும் நாம இங்கன வருவோம்னாவ. இம்புட்டுப் பேச்சு அவிய பேசி எவ்வளவோ நாளாச்சு. நான் ஊங் கொட்டிக்கிட்டே இருந்தேன், நிறுத்திருவாவளோன்னு பயந்து.

பின்னால மணல் நெறுநெறுங்குது. நிக்குது. மறுபடியும் நெறுநெறுங்குது. மோந்து பாக்குற மூச்சு கேக்குது, என் முதுகுல, அப்புறம் அவிய முதுகுல, ரொம்ப நேரம் அவிய முதுகுல. ஈர மூக்கு பட்டிருக்கும் போல, அவிய சிலிர்த்தாவ, அசையலை. அப்புறம் தட்டு கிணுங்குச்சு. தின்னுதா? நக்குதா? எனக்குப் பொறுக்கலை, ஒரே ஒரு தடவை பாத்துக்கிடுவோம்னு கழுத்தைத் திருப்பினேன்.

"திரும்பாதட்டி," ன்னாவ. "ஒருத்தர் நின்னு பாத்துக்கிட்டு இருந்தா சோறு தொண்டையில இறங்காது. எனக்குத் தெரியும்."

அந்த ஜெயிலைப் பத்தி அவிய வாயிலருந்து நான் கேட்ட முதல் வார்த்தை. சொல்லிட்டுச் சுவத்தைப் பாக்காவ, ஆனா இந்தத் தடவை கண்ணு ரெண்டும் வழியுது, துடைக்கக்கூட இல்லை, வழியட்டும்னு விட்டுட்டாவ.  கட்டுப் போட்ட அந்தக் கையை எடுத்து என் மடியில வச்சுக்கிட்டேன். திரும்பலை. பின்னால தட்டு மணல்ல நகருது, நக்குது, நகருது. சோறு தீந்திருக்கும், தீந்த பிறகும் நக்குது.